வெட்டிய காடுதான் முதலில் எரிந்தது

காடு அழிந்தால் மழை குறையும் என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிக்கும் பாடம். இந்தக் கேள்வி 1848-ஆம் ஆண்டிலேயே மலாயாவில் அச்சேறிவிட்டது. பினாங்கு மலைக்காடுகள் தொடர்ந்து அழிக்கப்பட்டால் தீவின் தட்பவெப்பம் என்னவாகும் என்று ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் அவ்வாண்டு ஒரு கட்டுரை எழுதினார். சிங்கப்பூரில் அவரே தொடங்கி நடத்திய ஆய்விதழில் அது வெளிவந்தது. லோகன் தொழிலால் வழக்கறிஞர். மலையுச்சியில் மரம் போனால் ஓடை வற்றும், ஓடை வற்றினால் அடிவாரத் தோட்டம் கருகும் என்பது அக்காலத்தில் பலருக்கும் இருந்த அச்சம்.

அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் அதில் ஒரு பாதிதான் இருந்தது. காடு இருக்கிறதா, இல்லையா என்று மட்டுமே அது கேட்டது. இருக்கும் காடு எப்படி வைக்கப்பட்டிருக்கிறது, எந்த முறையில் அதில் மரம் வெட்டப்பட்டது, அந்த முறைக்கும் வறட்சியைத் தாங்கும் சக்திக்கும் என்ன தொடர்பு என்ற மறுபாதிக் கேள்வி எழ மேலும் 135 ஆண்டுகள் ஆயின. போர்னியோவில் பற்றிய நெருப்புதான் அதை எழுப்பியது.

கணக்குப் பார்த்த காலம்

சிங்கப்பூரின் கதை சுருக்கமானது. 19-ஆம் நூற்றாண்டில் காம்பியர், மிளகுத் தோட்டங்கள் தீவின் காட்டைத் தின்று முடித்தன. காம்பியர் இலையைக் கொதிக்க வைக்க ஓயாமல் விறகு வேண்டும். விறகு தீர்ந்து, மண்ணும் சோர்ந்ததும் தோட்டக்காரர்கள் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். அவர்கள் விட்டுப் போன இடத்தில் லாலாங் புல் ஏறியது. தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த நதானியல் கேன்ட்லி 1883-ல் நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி அறிக்கை தந்தார். அதன் பின்னர்தான் ஒதுக்குக் காடுகள் உருவாயின. புக்கிட் தீமா அவற்றுள் ஒன்று.

தீபகற்பத்தில் வனத்துறை வந்த வழி வேறு. ஜெர்மனியைச் சேர்ந்த டீட்ரிச் பிராண்டிஸ் 1856-ல் பர்மாவின் தேக்குக் காடுகளைப் பார்த்துக்கொள்ள வந்தார். 1864-ல் இந்திய வனத்துறையின் முதல் தலைவரானார். காட்டை அளப்பது, மரத்தை எண்ணுவது, ஆண்டுக்கு இவ்வளவுதான் வெட்டலாம் என்று கணக்கு வைப்பது என்ற ஜெர்மானிய வழக்கம் அவரோடு ஆசியாவுக்கு வந்தது. 1900-ல் இந்திய வனத்துறை அதிகாரி ஹெச். சி. ஹில் மலாய் மாநிலங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். மறு ஆண்டே பர்மாவில் பணியாற்றிய ஏ. எம். பர்ன்-மர்டாக் இங்குத் தலைமை வன அதிகாரியாக வந்து சேர்ந்தார்.

அப்போது காட்டிலிருந்து கேட்கப்பட்டவை சிலவே. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்ட தாபான் மரத்தின் கட்டிப்பால், ஈயச் சுரங்கங்களுக்கு விறகு, ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டை. தமிழ்த் தொழிலாளர்கள் பலர் பாடுபட்ட அந்த ரயில் பாதைகளுக்குச் செங்கால் போன்ற வலிய மரங்களே தேவைப்பட்டன. செங்கால் ஓரிடத்தில் ஒன்று, வெகு தூரத்தில் இன்னொன்று என்றுதான் நிற்கும். கோடரியும் எருமை மாடும்தான் கருவிகள். ஒரு மரம் விழுந்த இடத்தில் வெளிச்சம் விழும். சில ஆண்டுகளில் சுற்றியுள்ள மரங்கள் கிளை விரித்து அந்த ஓட்டையை அடைத்துவிடும். அன்றைய வன அதிகாரிகள் வறட்சியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கவலைப்படக் காரணமும் இருக்கவில்லை.

இங்கு ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகலாம். அந்தக் கணக்குமுறை பிறந்த ஜெர்மனியில், விரைவாக வளர்ந்து நல்ல விலை தரும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தை 19-ஆம் நூற்றாண்டில் வரிசை வரிசையாக நட்டார்கள். அதன் இயல்பான இடம் குளிர்ந்த, ஈரமான மலைப்பகுதி. அதைத் தாழ்நிலத்துக்கும் கொண்டு வந்தார்கள். 2018 முதல் 2020 வரை அங்கு நீடித்த வறட்சியில் அந்த மரங்கள் பட்டை வண்டுக்குக் கூட்டங்கூட்டமாகப் பலியாயின. 2018 தொடக்கத்திலிருந்து 2021 ஏப்ரல் வரை சுமார் 5 லட்சம் ஹெக்டர் காடு அழிந்தது செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது. ஆசியாவுக்குப் பாடம் எடுத்த ஆசிரியரின் வீட்டிலேயே இப்படி நடந்தது.

போரும் நாற்றும்

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் மலாயாக் காடுகள் எந்தத் திட்டமும் இல்லாமல் வெட்டப்பட்டன. போர் முடிந்து திரும்பிய அதிகாரிகளுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஒரேயடியாக வெட்டப்பட்ட தாழ்நிலக் காடுகள் பலவற்றில் மெராந்தி வகை இளங்கன்றுகள் அடர்ந்து எழுந்திருந்தன. தாய் மரத்தின் நிழலில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்த நாற்றுகள் வெளிச்சம் கண்டதும் மேலே ஏறிவிட்டன.

இதிலிருந்து பிறந்ததுதான் 1948-ல் வந்த மலாயா ஒருசீர் முறை. சுமார் 45 சென்டிமீட்டருக்கு மேல் பருத்த விற்பனை மரங்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வெட்டுவது, விலை போகாத மரங்களின் அடியில் வளையமாகக் கொத்தி நஞ்சு ஊற்றி நின்றபடியே சாக விடுவது, பிறகு 70 ஆண்டுகள் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது. நஞ்சு ஊற்றுவது கொடுமையாகத் தோன்றலாம். ஆனாலும் இந்த முறையில் இரண்டு நல்ல அம்சங்கள் இருந்தன. முதலாவது, வெட்டுவதற்கு முன் தரையில் போதிய நாற்று உண்டா என்று எண்ணிப் பார்த்தார்கள். இரண்டாவது, 70 ஆண்டு ஓய்வு. காடு மறுபடியும் கூரை வேய்ந்துகொள்ள அது போதிய காலம்.

முறைக்குத் தோல்வி காட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. 1956-ல் ஃபெல்டா தொடங்கப்பட்டபின், எந்தத் தாழ்நிலக் காட்டுக்காக இம்முறை வகுக்கப்பட்டதோ அதே காடு ரப்பருக்கும் செம்பனைக்கும் போனது. நிலமற்ற ஏழைக் குடும்பங்களுக்கு நிலம் கிடைத்தது என்பதையும் மறுக்க முடியாது. மிஞ்சியது மலைச்சரிவுக் காடு. அங்கு நாற்றுகள் தாழ்நிலத்தைப் போல் அடர்ந்து கிடப்பதில்லை. எனவே 1978-ல் தேர்ந்தெடுத்து வெட்டும் முறைக்கு மாறினார்கள். பெரிய மரங்களை மட்டும் எடுத்து, நடுத்தர மரங்களை விட்டுவைத்து, சுமார் 30 ஆண்டில் திரும்பி வருவது. காகிதத்தில் இது மென்மையான முறை. ஆனால் 70 ஆண்டு ஓய்வு 30 ஆண்டாகச் சுருங்கியது. அதோடு கோடரியின் இடத்தில் இப்போது செயின்சாவும், எருமையின் இடத்தில் சங்கிலிச் சக்கர டிராக்டரும் வந்திருந்தன.

1983

வட போர்னியோவில், அதாவது இன்றைய சபாவில், ஒரே பிரிட்டிஷ் நிறுவனத்தின் கையில் இருந்த மர ஏகபோகம் 1952-ல் முடிவுக்கு வந்தது. அதன் பின் வெட்டுமரத் தொழில் புயல் வேகத்தில் வளர்ந்து, 1970-களில் உச்சத்தைத் தொட்டது. எல்லைக்கு அப்பால் இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில் 1967-ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பிறகு பெரிய பெரிய உரிமப் பகுதிகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. 1972-ல் அந்நாடும் ஒரு விதி வகுத்தது. 50 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மரங்களை மட்டும் வெட்ட வேண்டும், 35 ஆண்டு கழித்தே திரும்ப வேண்டும் என்றது அவ்விதி.

விதி மரத்தின் பருமனைச் சொன்னது. டிராக்டர் எங்கே ஓடலாம் என்பதைச் சொல்லவில்லை. பத்து மரத்தை எடுக்கப் போன வண்டி, வழியில் நின்ற எத்தனையோ இளமரங்களை நசுக்கியது. மழைக்காட்டு மண்ணை அமுக்கிக் கெட்டியாக்கியது. கெட்டியான மண்ணில் மழைநீர் இறங்காமல் வழிந்து ஓடும். வெட்டிய மரத்தின் தலைப்பகுதியும் கிளைகளும் ஒடிந்த மரங்களும் அங்கேயே குவிந்து கிடந்தன. கூரை திறந்ததால் வெயில் நேராகத் தரைக்கு இறங்கியது. கொடிகளும் மாஹாங் போன்ற மெல்லிய மரங்களும் வேகமாக வளர்ந்து வெற்றிடத்தை நிரப்பின. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப் பசேலென்றுதான் இருக்கும்.

1982-ன் நடுவில் எல் நினோ தொடங்கியது. கிழக்குப் போர்னியோவில் மழை நின்றது. இடையில் சிறிது பெய்து மறுபடியும் நின்றது. 1983-ன் முதல் மாதங்களில் சிற்றாறுகள் வற்றின, மரங்கள் இலை உதிர்த்தன. குடியானவர்களும் புதுக் குடியேறிகளும் வழக்கம்போல் நிலம் திருத்த வைத்த தீ இம்முறை வயலோரத்தில் நிற்கவில்லை. கிழக்குக் கலிமந்தானில் சுமார் 35 லட்சம் ஹெக்டரிலும் சபாவில் சுமார் 10 லட்சம் ஹெக்டரிலும் தீ பரவியது. தரைக்கு அருகில் இருந்த நிலக்கரிப் படுகைகளும் பற்றிக்கொண்டு, மழை வந்து காட்டுத்தீ அணைந்த பிறகும் மண்ணுக்கடியில் கனன்றுகொண்டிருந்தன.

பழி வழக்கம்போல் ஏழைக் குடியானவன் மேல் விழுந்தது. தீக்குச்சியைக் கிழித்தவன் அவன்தான் என்பது பல இடங்களில் உண்மை. ஆனால் அவனும் அவன் பாட்டனும் தலைமுறை தலைமுறையாகத் தீ வைத்தே பயிர் செய்தார்கள். இந்த முறை மட்டும் தீ ஏன் காட்டுக்குள் நடந்து போனது?

ஆய்வாளர்கள் சபாவில் எரிந்த இடங்களை வரைபடத்தில் குறித்தபோது விடை தெரிந்தது. எரிந்த காட்டில் சுமார் 85 விழுக்காடு முன்பே மரம் வெட்டப்பட்ட காடு. கலிமந்தானிலும் இதே கதைதான். வெட்டாத காட்டுக்குள்ளும் தீ நுழைந்தது. ஆனால் நிழலும் ஈரமும் இருந்த இடங்களில் அது தரைச் சருகை மட்டும் நக்கிக்கொண்டு தாழ்வாக ஊர்ந்து, பல இடங்களில் தானே அணைந்தது. வெட்டிய காட்டில் குவிந்து கிடந்த கட்டைகளே அதற்கு விறகாயின. மழை, வெயில், காற்று மூன்றும் இரு காடுகளுக்கும் ஒன்றே. வேறுபட்டது மனிதன் அவற்றை வைத்திருந்த விதம்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. கன்னிக் காட்டுக்கு எதுவும் ஆகாது என்று சொன்னால் அது பிழை. கிழக்குக் கலிமந்தானின் மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழைமையான கரித்துண்டுகள் கிடைத்துள்ளன. 1915-ஆம் ஆண்டு வறட்சியில் எரிந்த சபாவின் சூக் சமவெளி அதன் பின் புல்வெளியாகவே நின்றுவிட்டது. தீயே படாத இடங்களில்கூட வறட்சி தனியாக மரங்களைக் கொன்றது. அதிலும் உயர்ந்த, பருத்த மரங்களே அதிகம் பட்டுப்போயின. வேரிலிருந்து அவ்வளவு உயரத்துக்கு நீரை இழுக்க வேண்டிய மரத்துக்குத் தாகம் கூடுதல். சரவாக்கின் லம்பிர் காட்டில், சாதாரண ஆண்டுகளில் 100 மரத்துக்கு ஒன்றுகூட மடியாத ஓர் ஆய்வுப் பகுதியில், 1998 வறட்சியின்போது மடிவு விகிதம் ஆண்டுக்கு 6 விழுக்காட்டைத் தாண்டியது. அதே வறட்சியில் அங்கு அத்தி மரங்கள் காய்ப்பதை நிறுத்தியதால், அவற்றின் பூவுக்குள் வாழ்ந்து மகரந்தம் சுமக்கும் சிறு குளவிகளில் சில இனங்கள் அவ்விடத்தில் மறைந்தே போயின.

ஆனால் வறட்சியில் அடிபட்ட கன்னிக் காட்டின் தரையில் நாற்றுகளும் மேலே விதை மரங்களும் இருக்கும். வெட்டி, பிறகு எரிந்த காட்டில் இரண்டுமே இல்லை.

இரண்டாவது தடவை

1983-ன் பாடம் படிக்கப்பட்டதா என்பதை 1997 காட்டியது. மலேசியரும் சிங்கப்பூரரும் அந்த ஆண்டின் புகைமூட்டத்தை இன்னும் மறக்கவில்லை. செப்டம்பரில் சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800-ஐத் தாண்டியது. மத்தியக் கலிமந்தானில் நெல் விளைவிக்கலாம் என்று 1995-ல் தொடங்கிய திட்டத்துக்காக 10 லட்சம் ஹெக்டர் சதுப்புக் காட்டில் கால்வாய் வெட்டி நீரை வடித்திருந்தார்கள். நீர் வடிந்த கரிச்சதுப்பு மண் எளிதில் பற்றும் எரிபொருள். அது மாதக்கணக்கில் எரிந்தது. நெல் விளையவில்லை, 1999-ல் திட்டமே கைவிடப்பட்டது.

கிழக்குக் கலிமந்தானில் 1983-ல் எரிந்த பகுதிகள் பல மறுபடியும் எரிந்தன. புகையையும் மேகத்தையும் ஊடுருவிப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஃபுளோரியான் சீகர்ட் குழுவினர் 2001-ல் 'நேச்சர்' இதழில் கணக்கு வெளியிட்டார்கள். எரிந்தது 52 லட்சம் ஹெக்டர். அதில் 26 லட்சம் ஹெக்டர் காடு. அண்மையில் வெட்டப்பட்ட காடே அதிகம் அடிபட்டது. வெட்டாத காடும், வெட்டி நெடுங்காலம் ஓய்வு கொடுக்கப்பட்ட காடும் குறைவாகவே பாதிக்கப்பட்டன. இந்தக் கடைசி வரிதான் முக்கியம். பழைய ஒருசீர் முறையின் 70 ஆண்டு ஓய்வை இதோடு சேர்த்துப் படித்தால் அதன் அருமை விளங்கும்.

காட்டின் எதிர்காலம் நாற்றில் இருக்கிறது. மெராந்தி இன மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுக்கு ஒரு முறை, பெரும்பாலும் எல் நினோ காலத்தில், காடு முழுவதும் ஒன்றாகப் பூத்துக் காய்க்கும். காட்டுப்பன்றியும் பறவைகளும் தின்றதுபோக மிஞ்சும் விதைகளே அடுத்த தலைமுறை. மேற்குக் கலிமந்தானில் லிசா கர்ரன் 1999-ல் வெளியிட்ட ஆய்வின்படி, சுற்றிலும் விதை மரங்கள் வெட்டப்பட்டுவிட்டதால் காய்ப்பு சுருங்கியது. விதை தின்னும் விலங்குகள் எல்லாம் எஞ்சிய காட்டிலேயே வந்து குவிந்தன. தின்றதுபோக மிஞ்ச வேண்டிய நாற்று மிஞ்சவில்லை. பூக்கத் தூண்டும் அதே வறட்சி, எரிக்கவும் செய்கிறது.

மாற்று வழிகள்

சபாவில் மாற்றம் சிறிது சிறிதாக வந்தது. 1989-ல் ஜெர்மனியின் தொழில்நுட்ப உதவியோடு டெராமாகோட் ஒதுக்குக் காட்டில் புதிய நிர்வாகம் தொடங்கியது. சுமார் 55,000 ஹெக்டர். முன்பு பலமுறை வெட்டி அலுத்த காடு அது. மரத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது, இழுவைப் பாதை எங்கே போவது என்பதை வெட்டுவதற்கு முன்பே வரைபடத்தில் குறித்தார்கள். 1997-ல் அனைத்துலக வனப் பொறுப்பாண்மை மன்றத்தின் சான்றிதழ் அதற்குக் கிடைத்தது. பிராண்டிஸின் நாட்டிலிருந்து இரண்டாம் முறையாக வந்த பாடம், முதல் பாடத்தைத் திருத்திக்கொண்டு வந்தது எனலாம்.

டானும் பள்ளத்தாக்கை ஒட்டிய காடுகளில் 1992 முதல் நடந்த சோதனைகளில், வெட்டுவதற்கு முன்பே கொடிகளை அறுத்துவிட்டு, டிராக்டரைக் குறித்த பாதையில் மட்டும் ஓட்டியபோது, எஞ்சிய மரங்களுக்கு ஏற்படும் சேதம் பாதிக்கும் கீழே குறைந்தது. கொடியை அறுப்பதன் காரணம் எளிது. பல மரங்களை ஒன்றாகப் பிணைத்திருக்கும் கொடி, ஒன்று விழும்போது மற்றவற்றையும் இழுத்துச் சாய்க்கும்.

அதே வட்டாரத்தில் மெராந்தி, காப்பூர் போன்ற உள்ளூர் மரங்களின் கன்றுகளும் நடப்பட்டன. 1980-களில் வெட்டப்பட்ட காடுகளை ஒப்பிட்டு 2020-ல் வெளியான ஆய்வு, தானாகத் தேறிய காடு ஹெக்டருக்கு ஆண்டுதோறும் 2.9 டன் கரிமத்தைச் சேர்க்க, கன்று நட்டுக் கொடி அறுத்த காடு 4.4 டன் சேர்த்ததாகக் கண்டது. நடுவதில் எத்தனை இனங்களைக் கலப்பது என்பதும் வெறும் அழகுக்கான கேள்வியாக இருக்கவில்லை. மைக்கேல் ஓ'பிரையன் குழுவினர் சபாவில் செய்த சோதனைகளில், பல இனக் கன்றுகள் கலந்து நின்ற பாத்திகளில் அவை வறட்சியைக் கூடுதலாகத் தாங்கின. தன் இனமே சூழ்ந்து நின்றால் எல்லாக் கன்றும் ஒரே நேரத்தில், ஒரே விதமாகத் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும். தண்டிலும் வேரிலும் சர்க்கரையும் மாவுச்சத்தும் சேமித்து வைத்திருந்த கன்றுகளே வறட்சியில் நெடுநாள் பிழைத்தன என்பது 2014-ல் அவர்கள் கண்ட இன்னொரு செய்தி. அந்தச் சேமிப்புக்குக் காலமும் ஓரளவு வெளிச்சமும் வேண்டும்.

கொடி அறுப்பதிலும் ஒரு சிக்கல் பின்னர் தெரிந்தது. 2015, 2016 எல் நினோவின்போது, கொடி அறுத்த இடங்களில் கன்றுகள் அதுவரை பெற்று வந்த நன்மை குறைந்துபோனதை 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. கொடி போனதும் வெளிச்சம் வருகிறது, கன்று வளர்கிறது. மழை இல்லாத காலத்தில் அதே வெளிச்சம் தரையைச் சுடுகிறது. அப்படியானால் கொடி அறுக்கும் குழுவைக் காட்டுக்குள் அனுப்பும் முன், வரும் ஆண்டு எல் நினோ ஆண்டா என்று வானிலை நிலையத்தையும் கேட்டுக்கொள்வது நல்லது. எல் நினோ 2023-ல் மறுபடியும் வந்து 2024-ல் தணிந்தது. 1990-களில் சபாவில் நட்ட கன்றுகளுக்கு அப்போது சுமார் 30 வயது. 1978-ஆம் ஆண்டு விதியின்படி பார்த்தால், ஒரு முறை வெட்டிய காட்டுக்கு மறுபடியும் வெட்டுக் கத்தி வந்து சேரும் வயது அது.